மிளகாய்க்கு முன்னாடி நம்ம ஆளுங்க காரத்துக்கு என்ன பண்ணாங்க?

ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க, "மிளகாய் நம்ம ஊர்ச் செடியே இல்ல, தென் அமெரிக்காவுலேருந்து வந்ததுன்னு என் பையன் ஸ்கூல்லேருந்து வந்து சொல்றான், அப்போ சோழர் காலத்துல காரமே கிடையாதா, அது எப்படி நம்ம குழம்பு, மலாய்க்காரங்க சம்பல், சீனக்காரங்க சமையல்னு எல்லாத்துலயும் புகுந்துச்சு"ன்னு. எங்கப்பா சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டுல முப்பது வருஷத்துக்கு மேல அரைச்ச மசாலா வித்தவரு, நான் வளந்ததே அந்த கிரைண்டர் சத்தத்துலயும் மிளகாய் நெடியிலயும்தான், அதனால கொஞ்சம் நீளமாவே பதில் போடுறேன், பொறுத்துக்குங்க.

பையன் சொன்னது சரிதான். ராஜராஜன் 1010-ல தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்குக் கும்பாபிஷேகம் பண்ணப்போ அங்க ஒரு மிளகாய் கூட இருந்திருக்காது. ஆனா காரம் இருந்துச்சு, அதுதான் நிறைய பேருக்குக் குழப்பம். அறுசுவையில கார்ப்புன்னு ஒண்ணு இருக்கே, அது மிளகாய் வர்றதுக்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே இருந்த சுவை. அதைக் கொடுத்தது மிளகு, இஞ்சி, சுக்கு, திப்பிலி, கடுகு. பழமொழியைப் பாருங்களேன், "கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது"ன்னுதான் சொல்றோம், மிளகாய் சிறுத்தாலும்னு யாரும் சொல்றதில்ல. "பத்து மிளகு இருந்தா பகைவன் வீட்லயும் சாப்பிடலாம்", அதுலயும் மிளகுதான். மிளகாய்க்குன்னு நம்மகிட்ட இருக்குறது என்னன்னு யோசிச்சா "என் தலையில மிளகாய் அரைக்காத"ங்குறதுதான் முதல்ல வருது, எப்படி வந்து உக்காந்துச்சோ அதுக்கேத்த மாதிரிதான் இருக்கு.

பேர்லயே கதை இருக்கு. மிளகு, அதோட காய், மிளகாய். அதாவது புதுசா ஒரு காய் வந்துச்சு, கடிச்சுப் பார்த்தா மிளகு மாதிரி உறைக்குது, சரி இது மிளகுக் காய்னு வெச்சுட்டாங்க. உண்மையில ரெண்டுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல, மிளகு வெத்தலைக்குச் சொந்தக்காரன், மரத்துல ஏறுற கொடி. மிளகாய் தக்காளி, கத்திரிக்காய், உருளைக்கிழங்கு குடும்பம். கத்திரிக்காய் பூவையும் மிளகாய்ப் பூவையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க, நிறம்தான் வேற, ஜாடை ஒண்ணுதான்.

சங்க காலத்துல மிளகுக்கு இன்னொரு பேரு கறி. யவனருங்க பொன்னோட முசிறித் துறைமுகத்துக்கு வந்து கறியோட திரும்பிப் போனாங்கன்னு அகநானூறுல வருது, அந்தக் கறி மட்டன் கறி இல்ல, மிளகு. அவ்ளோ பெரிய சரக்கு அது அன்னைக்கு.

பழைய சமையல் எப்படி இருந்துச்சுன்னு பாக்கணும்னா மியூசியம் போக வேண்டாம், திதி கொடுக்குற வீட்டுச் சமையலறைக்குப் போனாப் போதும். எங்கம்மா தாத்தா திதிக்குச் சமைக்கிறப்போ மிளகாய் டப்பாவைத் தொடவே மாட்டாங்க, தக்காளி, உருளைக்கிழங்கு, கேரட்டு, கோசு எதுவும் கிடையாது. வாழைக்காய், சேப்பங்கிழங்கு, புடலங்காய், பாகற்காய், பயத்தம்பருப்பு, எல்லாத்துக்கும் மிளகும் சீரகமும் வறுத்துப் பொடிச்சுப் போடுவாங்க. சின்ன வயசுல எனக்கு அந்தச் சாப்பாடு பிடிக்கவே பிடிக்காது, பத்தியச் சாப்பாடு மாதிரி இருக்குன்னு முனகுவேன். ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் உறைச்சுச்சு, நாக்குல இல்ல புத்தியில, முன்னோருக்கு அவங்க சாப்பிட்ட சாப்பாட்டைத்தான் படைக்கிறோம், அவங்களுக்கு மிளகாய் தெரியாது. கோயில்லயும் அப்படித்தான், வெண்பொங்கல்ல மிளகு, ஆஞ்சநேயருக்கு மிளகு வடை. அதே மிளகாய் திருஷ்டி சுத்திப் போடுறதுக்கு மட்டும் எப்படியோ உள்ள வந்துருச்சு. செத்தவங்க எலையில இன்னும் எடம் கிடைக்கல, உயிரோட இருக்குறவங்க கண்ணேறுக்குக் கிடைச்சிருச்சு.

இப்போ அது எங்கேருந்து வந்துச்சுன்னு பாப்போம். மிளகாய் இனத்தோட பூர்வீகம் தென் அமெரிக்கா, இன்னைக்கு பொலிவியா இருக்குற பக்கம்னு ஆராய்ச்சிக்காரங்க பெரும்பாலும் சொல்றாங்க. ஈக்வடார்ல சமைச்ச பாத்திரத்துல, அரைச்ச கல்லுல எல்லாம் ஒட்டிக்கிட்டு இருந்த மிளகாய் மாவுத் துகள் கிடைச்சிருக்கு, வயசு சுமார் 6000 வருஷம். நம்ம வீட்டுல சாதாரணமா புழங்குற பச்சை மிளகாய், வத்தல், குடமிளகாய் எல்லாம் ஒரே இனம், அதை வளத்து வசப்படுத்துனது மெக்சிகோ பக்கம். சில்லிங்குற வார்த்தையே அங்க உள்ள நாவாட்டில் மொழி வார்த்தைதான், நாம என்னமோ இங்கிலீஷ்னு நெனச்சுக்கிட்டு இருக்கோம்.

செடி எதுக்கு இப்படி எரியுற விஷயத்தைக் காய்க்குள்ள வெச்சுச்சு? இதுக்கு என் வீட்டுக் காரிடார்லயே சாட்சி இருக்கு. ஒரு பழைய மைலோ டின்னுல சில்லி பாடி, அதான் அந்தச் சின்ன ஊசி மிளகாய், வெச்சிருக்கேன், பதினோராவது மாடி. பழுத்துச் செவந்ததும் காலையில ஒரு புல்புல் குருவி வரும், அந்த மஞ்சள் வாலடி உள்ளதுதான், கம்பியில உக்காந்து தலையைச் சாய்ச்சுப் பாத்துட்டு முழுப் பழத்தையும் லபக்குன்னு முழுங்கும், கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வராது. நாலு மாசம் கழிச்சு மூணு வீடு தள்ளி ஒரு சீன ஆண்ட்டியோட ஆர்க்கிட் தொட்டியில மிளகாய்க் கன்னு முளைச்சு நிக்குது. அவங்க என்னைச் சந்தேகமாப் பாத்தாங்க, நான் குருவியைக் காட்டிக் கொடுத்தேன். விஷயம் என்னன்னா, மிளகாயில உள்ள கேப்சைசின் நம்ம வாயில சூட்டை உணருற ஒரு வாங்கியில, இங்கிலீஷ்ல ரிசெப்டர்னு சொல்றது, அதுல போய் ஒட்டிக்குது, 43 டிகிரிக்கு மேல சூடு பட்டாத்தான் அது மூளைக்குக் கத்தும், கேப்சைசின் பட்டாலும் அதே கத்தல்தான், அதனாலதான் ஆறிப்போன சட்னிக்கும் வாய் எரியுது, வேர்க்குது. பறவைக்கும் அந்த வாங்கி இருக்கு, ஆனா அதுல கேப்சைசின் வேலை செய்யாது. எலி மாதிரி பிராணிங்க விதையைக் கடிச்சு அரைச்சு வீணாக்கிரும், அதுங்களுக்கு எரியும். பறவை முழுசா முழுங்கித் தூரமாப் போய்ப் போடும், அதுக்கு எரியாது. செடி ஆள் பாத்துக் கதவு போட்டு வெச்சிருக்கு. இந்த வாங்கியைக் கண்டுபிடிச்சதுக்காக டேவிட் ஜூலியசுக்கு 2021-ல நோபல் பரிசே கிடைச்சுச்சு, 1997-லயே பண்ண வேலை.

மனுசன் மட்டும்தான் எரியுதுன்னு தெரிஞ்சே இன்னொண்ணு கடிக்கிறவன். அது வேற பஞ்சாயத்து.

சரி, கப்பல் கதைக்கு வர்றேன். 1492-ல கொலம்பஸ் கெளம்புனதே இந்தியாவுக்கு, மிளகும் வாசனைச் சரக்கும் தேடி. போய்ச் சேந்தது கரீபியன் தீவு. அங்க உள்ளவங்க ஆஹின்னு ஒண்ணைச் சாப்பாட்டுல போட்டுச் சாப்பிடுறாங்க, இது இவங்க ஊரு மிளகு, நம்ம மிளகை விட ஒசத்தின்னு 1493 ஜனவரியில நாட்குறிப்புல எழுதி வெக்கிறாரு. ஊரும் தப்பு, மிளகும் தப்பு, ஆனா அந்தத் தப்புப் பேரு இன்னைக்கு வரைக்கும் இங்கிலீஷ்ல பெப்பர்னு ஒட்டிக்கிட்டு இருக்கு. அவரு பண்ண அதே தப்பைத்தான் நாமளும் மிளகாய்னு பண்ணோம், அதைச் சொல்லி அவரைக் கிண்டல் பண்ண முடியாது.

அங்கேருந்து ஸ்பெயின், போர்ச்சுகல். அப்புறம் ஆசியாவுக்குக் கொண்டாந்தது பெரும்பாலும் போர்ச்சுகீசியருங்க. 1498-ல வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுல எறங்குறாரு, 1510-ல கோவாவைப் பிடிக்கிறாங்க, 1511-ல மலாக்கா, நம்ம சிங்கப்பூர்லேருந்து பஸ்ஸுல போனா நாலு மணி நேரம். எந்த வழியா அவங்க மிளகை அள்ளிக்கிட்டுப் போனாங்களோ அதே வழியா மிளகாய் உள்ள வந்துச்சு. அது எவ்ளோ வேகமாப் பரவுச்சுன்னா, 1542-ல ஜெர்மன்காரரு லியோன்ஹார்ட் ஃபூக்ஸ் ஒரு மூலிகைப் புத்தகம் போடுறாரு, அதுல மிளகாய்ப் படத்தைப் போட்டு கோழிக்கோட்டு மிளகுன்னு பேரு வெக்கிறாரு. அம்பது வருஷத்துக்குள்ள ஐரோப்பாக்காரனே இது இந்தியாவுலேருந்து வந்ததுன்னு நம்ப ஆரம்பிச்சுட்டான். அதுக்கப்புறம் 1776-ல யாக்கின்னு ஒரு தாவரவியல்காரரு இன்னொரு மிளகாய் இனத்துக்குச் சீனத்துதுன்னு அர்த்தம் வர்ற மாதிரி லத்தீன்ல பேரு வெச்சாரு, அதுவும் சுத்த அமெரிக்க இனம்தான், பேரு மட்டும் இன்னைக்கும் மாறல. மிளகாய் விஷயத்துல விலாசத்தைச் சரியா எழுதுன ஆளே இல்ல போல.

யாழ்ப்பாணத்து ஆளுங்க கொச்சிக்காய்னு சொல்லிக் கேட்டிருக்கீங்களா? எங்க புளோக்குல ஒரு சிலோன் ஆச்சி இருந்தாங்க, "ரெண்டு கொச்சிக்காய் இருந்தாத் தா பிள்ளை"ன்னு கேட்டு வருவாங்க. கொச்சியிலேருந்து வந்த காய். கொச்சி போர்ச்சுகீசியரோட பெரிய கோட்டை. மும்பை பக்கத்துல ஒரு காலத்துல கோவா மிளகாய்னு சொல்லியிருக்காங்க. ஒவ்வொரு ஊர்க்காரனும் எங்கேருந்து கைக்குக் கிடைச்சுச்சோ அந்த ஊர்ப் பேரை வெச்சிருக்கான், இல்லன்னா வீட்டுல ஏற்கெனவே இருந்த மிளகோட பேரை வெச்சிருக்கான்.

இந்த ரெண்டாவது விஷயம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. மலையாளத்துல முளகுன்னா இன்னைக்கு மிளகாய்தான், பாவம் நெஜ மிளகு குருமுளகுன்னு அடைமொழி போட்டுக்கிட்டு ஓரமா நிக்குது, அதுவும் மிளகு வெளையுற மண்ணுலயே. சிங்களத்துல மிரிஸ்னா மிளகாய், மிளகு கம்மிரிஸ். இந்தியில மிர்ச்சுன்னா மிளகாய், மிளகு காலி மிர்ச், கருப்பு மிர்ச்சு. தாய்லாந்துல பிரிக்னா மிளகாய், மிளகுக்குப் பிரிக் தாய்னு பேரு, அதாவது தாய்லாந்து மிளகு, வந்தவன் வீட்டுக்காரனாகி வீட்டுக்காரன் தன் ஊர்ப் பேரைச் சொல்லி அறிமுகம் பண்ணிக்க வேண்டிய நெலமை. மலாய்ல லாடான்னா மிளகு, லாடா ஹித்தாம் கருமிளகு, ஆனா அப்பா கடைக்கு வர்ற வயசான மக்சிக்குங்க, அதான் மலாய்க்கார அம்மாங்க, சில பேரு லாடான்னா மிளகாயைத்தான் காட்டுவாங்க. புதுசா சேந்த பையன் ஒருத்தன் மிளகை அள்ளிப் போட்டு அரைச்சு வெச்சு, அந்த மக்சிக் சிரிச்சுட்டாங்க, அப்பா சிரிக்கல. இந்தோனேசியாவுல சாபெய்னா மிளகாய், சாபெ ஜாவான்னா திப்பிலி வகை. தமிழ் இதுல கொஞ்சம் நியாயமா நடந்துக்கிட்டுச்சு, மிளகுக்கு அதோட பேரை விட்டு வெச்சுட்டு வந்தவனுக்குக் காயைச் சேத்துக் கொடுத்துச்சு, கன்னடத்துலயும் தெலுங்குலயும் இதே கணக்குதான்.

ஏன் மிளகு தோத்துச்சு? காசுதான் காரணம். மிளகுக் கொடிக்கு நல்ல மழை வேணும், நெழல் வேணும், ஏற மரம் வேணும், வெச்சு மூணு நாலு வருஷம் காத்திருக்கணும். மேற்குத் தொடர்ச்சி மலைச் சாரல்ல வரும், ராமநாதபுரத்துப் பொட்டல்ல வராது. வெளஞ்சதையும் ராஜாவும் வியாபாரியும் கப்பல்காரனும் கொண்டு போயிருவான். மிளகாய் அப்படியா? ஒரு பழத்துல அம்பது அறுபது வெதை, வெதைச்ச மூணு மாசத்துல காய், கொல்லையிலயும் வரும் மானாவாரியிலயும் வரும், வெயில்ல காயப் போட்டா வருஷம் பூரா கெடாது. மிளகு வாங்க முடியாத வீட்டுக்கு முதல் தடவையா சொந்தக் காரம் கிடைச்சுச்சு. கஞ்சிக்குக் கடிச்சுக்க ஒரு மோர் மிளகாய் போதும். எந்த ராஜாவும் உத்தரவு போட்டு மிளகாய் பரவல, ஏழை வீட்டு அடுப்புதான் பரப்புச்சு. இன்னைக்கு அதே ராமநாதபுரத்து முண்டு மிளகாய்க்கு 2023-ல புவிசார் குறியீடே கொடுத்துட்டாங்க, அமெரிக்காவுலேருந்து வந்த செடி முகவை மண்ணோட அடையாளம். உலகத்துலயே வத்தல் மிளகாய் அதிகமா வெளையுறதும் இந்தியாவுலதான்.

சிங்கப்பூருக்கு வருவோம். இங்க 19-ஆம் நூற்றாண்டுல காம்பியரும் (தோல் பதப்படுத்த இலையைக் காய்ச்சுற செடி) மிளகும்தான் பெரிய தோட்டப் பயிரு, தியோச்சியூ சீனருங்க காட்டை அழிச்சுப் போட்டது, காம்பியர் இலையைக் காய்ச்சுன சக்கையை மிளகுக் கொடிக்கு எருவாப் போடுவாங்க. மிளகு வித்த தீவு இது, ஆனா இந்தத் தீவோட நாக்கு மிளகாய்க்குப் போயிருச்சு. மலாய்க்காரங்க பிளாச்சானை, அதான் புளிக்க வெச்ச எறால் விழுதை, சுட்டு மிளகாயோட கல் உரல்ல இடிச்சா சம்பல். தமிழ் முஸ்லிம் மீ கோரேங், சிக்கன் ரைஸ்க்கு இஞ்சி பூண்டு போட்டு அரைச்ச சில்லி, லக்சா மேல ஒரு ஸ்பூன் சம்பல், காப்பிக்கடையில மேசைக்கு மேசை அரிஞ்ச சில்லி பாடி சோயா சாஸ்ல மெதக்கும். சில்லி கிராப் ரொம்பப் பழசுன்னு நெனைக்காதீங்க, 1950-கள்ல செர் யாம் தியான்னு ஒரு அம்மா, ஆவியில வேக வெச்ச நண்டு போரடிக்குதுன்னு வீட்டுக்காரரு சொல்லப்போய், பாட்டில் தக்காளி சாஸும் சில்லி சாஸும் ஊத்திப் பண்ணிப் பாத்தது, தள்ளுவண்டியில ஆரம்பிச்ச வியாபாரம். முட்டை அடிச்சு ஊத்துறது அப்புறம் இன்னொரு சமையல்காரரு சேத்தது. தக்காளியும் அமெரிக்கச் செடி, மிளகாயும் அமெரிக்கச் செடி, நண்டு மட்டும்தான் நம்ம பக்கத்துது, அதுவும் இப்போ நெறையா சிலோன் நண்டு.

சீனாவுல மிளகாய் முதல்ல எழுத்துல வர்றது 1591-ல, அதுவும் பூச்செடி மாதிரி அழகுக்கு வெச்சதாத்தான். சிச்சுவான்காரங்க காரத்துக்குப் பேர் போனவங்கன்னு இப்போ சொல்றோம், அவங்க சமையலுக்குள்ள அது நல்லா எறங்கவே இன்னும் எரநூறு வருஷம் போல ஆயிருச்சு. அதுக்கு முன்னாடி நாக்கு மரத்துப் போற அந்தச் சிச்சுவான் மிளகுதான். கொரியாவுல 1614-ல ஒரு புத்தகத்துல வருது, கிம்ச்சி சிவப்பானது அதுக்கப்புறம். ஹங்கேரிக்குத் துருக்கி வழியாப் போய் பாப்ரிக்கா ஆச்சு, அங்க செண்ட் யோர்ஜின்னு ஒரு விஞ்ஞானி அந்த மிளகாயிலேருந்துதான் விட்டமின் சி-யை மூட்டை மூட்டையா பிரிச்சு எடுத்து ஆராய்ச்சி பண்ணாரு, 1937-ல நோபல். எலுமிச்சம்பழம்னு நெனச்சிருப்பீங்க.

கடைசியா நீங்க கேட்காத ஒண்ணு, ஆனா மசாலாக் கடைக்கு வர்றவங்க எல்லாரும் கேட்டது. காரம் வெதையில இருக்குன்னு வெதையைத் தட்டிட்டு அரைக்கச் சொல்லுவாங்க. அப்பா ஒரு மிளகாயை நீளவாக்குல கீறி அவங்க முன்னாடியே காட்டுவாரு, நுனியில ஒரு துண்டு, சும்மா வாசனையாத்தான் இருக்கும், வெதையை மட்டும் நக்கிப் பாத்தாலும் லேசாத்தான், அந்த வெள்ளை நரம்பு இருக்கு பாருங்க, காம்புக்குக் கீழ வெதை ஒட்டிக்கிட்டு இருக்குற தண்டு, அங்கதான் கேப்சைசின் உருவாகுது, வெதையில இருக்குறது அதுலேருந்து ஒட்டுனது. அதனால வெதையோட அந்த நரம்பையும் சேத்துச் சுரண்டி எடுத்தாத்தான் காரம் கொறையும். வாய் எரிஞ்சா ஐஸ் தண்ணி குடிக்காதீங்க, கேப்சைசின் தண்ணியில கரையாது, குடிக்க குடிக்க வாய் பூரா தேய்ச்சு விட்ட மாதிரிதான், பாலோ தயிரோ ஒரு வாய் வெச்சாத்தான் அடங்கும். இன்னொண்ணு, எச்டிபி அடுக்குமாடி வீட்டுல வத்தல் வறுக்குறப்போ கல் உப்பு ஒரு சிட்டிகை போட்டு, அடுப்பைச் சிம்ல வெச்சு, கதவைச் சாத்திட்டு, ஜன்னலைத் தொறந்து வெச்சு வறுங்க. போன மாசம் நான் கதவைத் தொறந்து போட்டு வறுத்தேன், காரிடார் பூரா இருமல், அந்த ஆர்க்கிட் ஆண்ட்டி மூக்கைப் பொத்திக்கிட்டு வாசல்ல வந்து நின்னாங்க. அவங்க தொட்டியில காச்ச நாலு பழத்தை ஒரு பிளாஸ்டிக் பையில போட்டு நீட்டி, "உன் குருவி விட்டுட்டுப் போனது"ன்னாங்க.